வலது கை பார்த்த வேலை - ஃப்ரெஞ்ச் ஹார்ன் கதை

ஏதாவது ஒரு சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா வீடியோவை எடுத்து, பித்தளை வாத்தியக்காரங்க உட்கார்ந்திருக்கிற பக்கம் கொஞ்சம் நிறுத்திப் பாருங்க. ட்ரம்பெட்காரர் வலது கையால வால்வை அழுத்துவார். ட்யூபாக்காரருக்கும் வலது கைதான். ட்ராம்போன்காரர் குழாயை இழுக்கிறதும் வலது கையால. ஆனா நத்தைக்கூடு மாதிரி சுருண்ட வாத்தியத்தை மடியில வச்சிருக்கிற நாலு பேர் மட்டும் இடது கையால வால்வை இயக்குவாங்க. அவங்க வலது கை எங்கேன்னு தேடினா, வாத்தியத்தோட அகன்ற வாய்க்குள்ள போயிருக்கும்.

நாலு பேருக்குமே இடது கைப் பழக்கமா? கிடையாது. சுமார் 270 வருஷத்துக்கு முன்னாடி ஒரு குறையைச் சமாளிக்க அந்தக் கை உள்ளே போச்சு. அந்தக் குறைக்கான நிரந்தரத் தீர்வு 1814-லேயே வந்தாச்சு. கை மட்டும் இன்னும் வெளியே வரலை!

பொட்டி தட்டிப் பிழைக்கிற நமக்கு இது பழகின சமாச்சாரம்தான். எப்பவோ யாரோ அவசரத்துக்குப் போட்ட பேட்ச், இன்னிக்கு அதைத் தொடவே எல்லாருக்கும் பயம். ஆனா ஹார்ன் கதையில கையை எடுக்காம விட்டதுக்குக் காரணம் பயமும் இல்ல, சோம்பேறித்தனமும் இல்ல. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், ஒரு டீயோட உட்காருங்க :-)

பேர்ல இருக்கிற ஃப்ரெஞ்ச்

ஹார்ன்னா கொம்பு. நம்ம ஊர்ல கோயில் திருவிழாவுல ஊதுறாங்களே, அதுக்கும் கொம்புன்னுதான் பேர். ரெண்டு இடத்திலயும் மிருகத்தோட கொம்புதான் வாத்தியத்துக்குப் பேரைக் கொடுத்திருக்கு.

17-ம் நூற்றாண்டு ஃப்ரான்ஸ்ல குதிரை மேல வேட்டைக்குப் போறவங்க நீளமான பித்தளைக் குழாயை வட்டமா வளைச்சு, தோள்ல மாட்டிக்கிட்டுப் போனாங்க. மான் எந்தப் பக்கம் ஓடுது, நாய்களை எங்கே திருப்பணும்னு காட்டுக்குள்ள செய்தி சொல்றதுக்குத்தான் இது. அந்தக் காலத்து செல்போன்னு வச்சுக்குங்களேன். இங்கிலாந்துக்காரங்க இந்த வட்டக் கொம்பை ஃப்ரெஞ்ச் ஹார்ன்னு கூப்பிட்டது அப்படியே நிலைச்சுப்போச்சு.

ஆனா அதை வேட்டைக்காட்டிலிருந்து சங்கீத மண்டபத்துக்குக் கொண்டுவந்ததுல பொஹீமியாவுக்கும் ஜெர்மன் பேசுற ஊர்களுக்கும்தான் பெரிய பங்கு. 1680-கள்ல ஷ்போர்க்னு ஒரு பொஹீமியப் பிரபு பாரீஸ்ல இந்த ஊதலைக் கேட்டு மயங்கி, தன் வேலைக்காரங்க ரெண்டு பேருக்கு அதைக் கத்துக்கொடுக்க ஏற்பாடு பண்ணினார். பின்னாடி பொஹீமியாவிலிருந்து ஹார்ன் கலைஞர்கள் ஐரோப்பா முழுக்கப் போனதுக்கு விதை அதுதான். இதனாலேயே சர்வதேச ஹார்ன் சங்கம் 1971-ல "வெறும் ஹார்ன்னே சொல்லுங்கப்பா"ன்னு கேட்டுக்கிச்சு. ஊர் கேட்கலை. நானும் கேட்கலை, தலைப்பைப் பாருங்க.

குழாய்க் கணக்கு

இனி கொஞ்சம் கணக்கு. ஒரு நீளக் குழாயில உதட்டை அதிர விட்டு ஊதினா எல்லா ஸ்வரமும் வராது. அடிப்படை அதிர்வோட முழு எண் மடங்குகள் மட்டும்தான் வரும். எஃப் ஹார்னோட குழாய் நீளம் சுமார் 3.7 மீட்டர், அடிப்படை அதிர்வு ஏறக்குறைய 44 ஹெர்ட்ஸ். அப்போ கிடைக்கிறது 88, 132, 176, 220... இப்படி.

ஸ்வரமாச் சொன்னா இன்னும் சுலபமாப் புரியும். 2-வது மடங்கு ச. 3-வது ப. 4, 5, 6 முறையே ச, க, ப. 7-வது கொஞ்சம் இறங்கிப்போன நி. 8-க்கு மேலதான் ச, ரி, க-ன்னு படிப்படியா ஏற முடியும். அங்கேயும் 11-வது மடங்கு ஒரு குறும்புக்காரன். சுத்த மத்யமத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் நட்டநடுவுல போய் நிக்கும்.

அதாவது கீழ் ஸ்தாயியில ஊதினா ச-க-ப மட்டும்தான், வேட்டைக்கு அது போதும். ராகம் மாதிரி ஏதாவது வாசிக்கணும்னா உச்சிக்குப் போயாகணும். பாக் 1721-ல அர்ப்பணிச்ச முதல் ப்ராண்டன்பர்க் கான்செர்ட்டோவுல ரெண்டு ஹார்னும் அவ்வளவு மேல ஏறி வாசிக்கிறதுக்கு இதுதான் காரணம்.

பெட்டி நிறையக் குழாய்

அடுத்த சிக்கல், ஸ்ருதி மாறினா என்ன பண்றது? குழாய் நீளம் மாறாம அடிப்படை ஸ்வரம் மாறாது. 1700-ஐ ஒட்டி வியன்னாவுல லைக்னாம்ஷ்னைடர் சகோதரர்கள் இதுக்கு ஒரு வழி பண்ணாங்க. தனியா வளைச்ச துண்டுக் குழாய்களைச் செஞ்சு, தேவைப்பட்டதை வாத்தியத்துல செருகிக்க வச்சாங்க. இதுக்குப் பேர் க்ரூக். டி ஸ்ருதிக்கு ஒண்ணு, இ ஃப்ளாட்டுக்கு ஒண்ணுன்னு ஹார்ன்காரர் ஒரு பெட்டி நிறையத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சார். பாட்டு நடுவுல ஸ்ருதி மாறினா, கழட்டி மாட்ட நேரம் வேணும்னு இசையமைப்பாளர் சில பட்டைகள் ஓய்வு எழுதிக் கொடுக்கணும்.

அப்பவும் ச-க-ப பிரச்சினை தீரலை. வேற ச-வோட ச-க-ப கிடைச்சது, அவ்வளவுதான்.

கை உள்ளே போன கதை

டிரெஸ்டன் அரசவை ஆர்க்கெஸ்ட்ராவுல ஆன்டன் யோசஃப் ஹாம்பல்னு ஒரு ஹார்ன் கலைஞர். சத்தத்தைக் குறைக்கறதுக்காக ஹார்ன் வாய்க்குள்ள பஞ்சு அடைச்சுப் பார்த்தாராம். சத்தத்தோட சேர்ந்து ஸ்ருதியும் நகர்ந்திருக்கு. அப்புறம் பஞ்சுக்குப் பதிலா கையையே விட்டுப் பார்த்தார்ங்கிறது பின்னாடி டோம்னிச்ங்கிற ஆசிரியர் 1807-ல எழுதின கதை. கதை எப்படியோ, 1750-களை ஒட்டி இந்த உத்தியை ஒழுங்கான ஒரு முறையா ஆக்கின பேர் ஹாம்பலுக்குத்தான்.

உத்தி இதுதான். பெல்லை, அதாவது அந்த அகன்ற வாயை, உள்ளங்கையால மெதுவா மூடினா ஸ்வரம் கீழே வழுக்கிக்கிட்டே இறங்கும். பாதி மூடினா கிட்டத்தட்ட அரை ஸ்வரம் குறையும். இப்படிப் படிகளுக்கு நடுவுல இருந்த ஓட்டைகளைக் கையாலேயே அடைச்சுட்டாங்க. வெறும் பித்தளைக் குழாயில முழு ஸ்வர வரிசை!

ஆனா ஒரு விலை இருந்தது. திறந்த ஸ்வரம் கணீர்னு கேட்கும். மூடின ஸ்வரம் கதவுக்குப் பின்னாடி நின்னு பாடுற மாதிரி மங்கலாக் கேட்கும். ஒரே வரியில ஒரு ஸ்வரம் வெளிச்சத்துல, அடுத்தது நிழல்ல. கெட்டிக்காரக் கலைஞர்கள் இந்த வித்தியாசத்தைக் காதுக்குத் தெரியாத அளவுக்குக் குறைச்சாங்க. கெட்டிக்கார இசையமைப்பாளர்கள் அந்த வித்தியாசத்தையே பயன்படுத்திக்கிட்டாங்க.

மோட்ஸார்ட்டோட ஹார்ன் கான்செர்ட்டோக்கள் இப்படிப்பட்ட வாத்தியத்துக்கு எழுதினதுதான். வாசிச்சவர் அவர் நண்பர் லாய்ட்கெப். 1783-ல எழுதின ஒண்ணுல, கழுதை, மாடு, முட்டாள்னு நண்பரைத் திட்டியே அர்ப்பணம் எழுதியிருக்கார் மோட்ஸார்ட். இன்னொண்ணோட கையெழுத்துப் பிரதியில சிவப்பு, பச்சை, நீலம், கறுப்புன்னு நாலு நிற மை. நண்பனைக் கலாய்க்கிறது எந்தக் காலத்திலயும் உண்டு போல.

ஹாம்பலோட சீடர் ஒருத்தர் கதை இதைவிட சினிமாத்தனமானது. யான் வாட்ஸ்லாவ் ஷ்டிஹ், 1746-ல பொஹீமியாவுல தூன் பிரபுவோட பண்ணையடிமைக் குடும்பத்துல பிறந்தவர். பிரபுதான் செலவு பண்ணிப் படிக்க வச்சார். படிப்பு முடிஞ்சு பிரபு வீட்டுலயே கொஞ்ச காலம் வாசிச்ச ஷ்டிஹ், 20 வயசு வாக்குல ஓடிப்போயிட்டார். பிரபு ஆள் அனுப்பினார். பிடிச்சுக்கிட்டு வாங்க, முடியலைன்னா முன்பல்லையாவது தட்டிடுங்கன்னு உத்தரவு. முன்பல் போனா ஹார்ன் வாசிக்க முடியாது இல்லையா? ஷ்டிஹ் சிக்கலை. இத்தாலிப் பக்கம் போய், தன் பேரையே அந்த மொழியில மாத்தி ஜோவான்னி புன்டோ ஆயிட்டார். அவருக்காகத்தான் பீத்தோவன் 1800-ல ஹார்ன் சொனாட்டா எழுதி, ஏப்ரல் 18 அன்னிக்கு வியன்னாவுல அவரோட சேர்ந்து வாசிச்சார். ஒரு அடிமையோட வலது கையும் முன்பல்லும் தப்பிச்சதால நமக்குக் கிடைச்ச இசை அது.

வால்வு வந்தது

1814-ல ஹைன்ரிஷ் ஷ்டோல்ட்ஸல்ங்கிற ஹார்ன் கலைஞர் பிரஷ்ய அரசருக்கு விண்ணப்பம் எழுதினார். ஹார்ன்ல வால்வு வச்சிருக்கேன், எல்லா ஸ்வரமும் ஒரே மாதிரி சுத்தமா வருது, கை வேண்டியதில்லைன்னு. 1818-ல அவரும் ப்ளூமல்ங்கிறவரும் சேர்ந்து காப்புரிமை வாங்கினாங்க. 1830-ல வியன்னாவுல ஊல்மன் ஒரு வகை வால்வுக்கும், 1835-ல ரீடல் சுழலும் வால்வுக்கும் உரிமை வாங்கினாங்க. இன்னிக்கு பெரும்பாலான ஹார்ன்ல இருக்கிறது சுழலும் வகைதான்.

யோசிச்சுப் பார்த்தா வால்வுங்கிறது புதுசா ஒண்ணும் இல்ல. அதுவும் க்ரூக்தான். கண்ணிமைக்கிற நேரத்துல மாட்டிக் கழட்டுற க்ரூக். ஒரு வால்வை அழுத்தினா காத்து ஒரு துண்டுக் குழாய் வழியா சுத்திக்கிட்டுப் போகும், நீளம் கூடும், ஸ்வரம் இறங்கும். 2-வது வால்வு அரை ஸ்வரம், 1-வது முழு ஸ்வரம், 3-வது ஒன்றரை. அப்புறம் வலது கைதான் ஏற்கெனவே பெல்லுக்குள்ள மாட்டிக்கிட்டிருந்ததே, அதனால வால்வு இடது கைக்குப் போச்சு. முதல் பத்தியில கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

இதோட கதை முடிஞ்சிருக்கணும். முடியலை. பாரீஸ் கன்சர்வேட்டரியில 1833-லேயே மேஃப்ரெட் வால்வு ஹார்ன் வகுப்பு ஆரம்பிச்சார். ஆனாலும் கை ஹார்ன் அங்கே 1903 வரைக்கும் தாக்குப் பிடிச்சது. கண்டுபிடிப்பு வந்து 89 வருஷம்! புதுசை ஏத்துக்காத பழைய பெருச்சாளிங்கன்னு சொல்லத் தோணும். அங்கேதான் ப்ராம்ஸ் குறுக்கே வர்றார்.

1865: ரெண்டு பேர், ரெண்டு பதில்

அந்த வருஷம் ஜூன்ல ம்யூனிக்ல வாக்னரோட டிரிஸ்டன் ஓப்பரா அரங்கேறிச்சு. வால்வு ஹார்ன் இல்லாம அதை வாசிக்கவே முடியாது. அப்படிப்பட்ட வாக்னரே அந்த ஸ்கோரோட முன்குறிப்புல, வால்வால ஹார்ன் தன் தொனியோட அழகையும் இழைஞ்சு போற தன்மையையும் கொஞ்சம் இழந்திருக்கு, ஆனா லாபம் அதிகம்ங்கிறதால ஏத்துக்க வேண்டியிருக்குன்னு எழுதியிருக்கார். அதாவது இழப்பைத் தெரிஞ்சுதான் முடிவெடுத்தார்.

அதே வருஷம் ப்ராம்ஸ் வயலின், ஹார்ன், பியானோ மூணுக்கும் சேர்த்து ஒரு ட்ரையோ எழுதினார், ஓபஸ் 40. வால்வு வந்து 50 வருஷம் ஆயாச்சு, ஆனா இவர் கேட்டது வால்வு இல்லாத வால்ட்ஹார்ன், அதாவது காட்டு ஹார்ன். சின்ன வயசுல தானே கத்துக்கிட்ட வாத்தியம், அப்பாவும் ஹார்ன் வாசிச்சவர். அந்த பிப்ரவரியிலதான் அம்மா இறந்திருந்தாங்க. மூணாவது பகுதியைக் கேட்டா அந்த துக்கம் புரியும்.

இதை வெறும் பழைய நினைப்புன்னு ஒதுக்கிடலாம். ஆனா ப்ராம்ஸ் ஒரு தொழில்நுட்பக் காரணமும் சொன்னார், எனக்கு அதுதான் இந்தக் கதையிலேயே முக்கியமான இடம். மூடின ஸ்வரங்களை ஹார்ன்காரர் மெதுவாத்தான் வாசிக்க முடியும். அவர் மெதுவா வாசிச்சா, பியானோவும் வயலினும் அவருக்காகத் தங்களை அடக்கிக்கணும். அந்தக் கட்டாயம் இல்லைன்னா யாரும் யாருக்கும் அடங்க மாட்டாங்க, தொனி ஆரம்பத்திலிருந்தே முரடாயிடும்.

அதாவது ஹார்னோட குறை ஹார்னோட மட்டும் நிக்கலை. பக்கத்துல இருக்கிறவங்களை அது கேட்க வச்சது. வால்வு அந்தக் குறையை நீக்கினப்போ, கூடவே அந்தக் கேட்கிற பழக்கத்தையும் தளர்த்திடுச்சு. ஒரு பிரச்சினையைத் தீர்க்கும்போது அதைச் சுத்தி வளர்ந்திருந்த நல்லதையும் சேர்த்தே வெட்டிடறோமோங்கிற கேள்வி, மென்பொருள் எழுதுற எவனுக்கும் இருக்க வேண்டிய கேள்வி.

ப்ராம்ஸ் கடைசி வரைக்கும் சிம்ஃபனிகள்லயும் வால்வு இல்லாத ஹார்னை மனசுல வச்சே எழுதினார். நிஜத்துல அவர் காலத்து ஆர்க்கெஸ்ட்ராக்கள் வாசிச்சது வால்வு ஹார்ன்லதான். முதல் சிம்ஃபனியோட (1876) கடைசிப் பகுதியில ஹார்ன்ல வர்ற மெட்டு, 1868-ல ஆல்ப்ஸ் மலையிலிருந்து க்ளாரா ஷூமனுக்குப் பிறந்தநாள் வாழ்த்தா எழுதி அனுப்பினது. மலைக்காரங்களோட ஆல்ப்ஹார்ன் மெட்டு. அதுல கொஞ்சம் விலகின மாதிரி நிக்கிற மத்யமம் நம்ம பழைய 11-வது மடங்கு சாராம்சமேதான்.

கை ஏன் இன்னும் உள்ளேயே?

வால்வு கைக்கு வேலை இல்லாம பண்ணிடும்னு ஷ்டோல்ட்ஸல் நினைச்சார். ஆனா அதுக்குள்ள ஹார்னோட தொனின்னாலே கை உள்ளே இருக்கிற தொனிதான்னு காது பழகிடுச்சு. கையை எடுத்துட்டா சத்தம் தட்டையா, கூர்மையாயிடும்.

அது மட்டும் இல்ல, கை பெல்லோட வாயைக் கொஞ்சம் சுருக்கறதால, வெளியே ஓடிப்போற மேல் அதிர்வுகள் குழாய்க்குள்ளேயே திரும்பி வந்து பலமாகும். உச்ச ஸ்வரங்கள் உறுதியா நிக்கிறது இதனாலதான்.

மூணாவது, வால்வோட கணக்குப் பிழை. அரை ஸ்வரம் இறக்க நீளம் சுமார் 6 சதவீதம் கூடணும். 3.7 மீட்டர் குழாய்க்கு 2-வது வால்வு 22 செ.மீ., 1-வது 45 செ.மீ. ரெண்டும் சேர்ந்தா 67. ஆனா ஒன்றரை ஸ்வரம் இறங்க வேண்டியது 70. அந்த 3 செ.மீ. துண்டு விழும். அதைச் சரிக்கட்ட உதடும் வலது கையும்தான் வேணும். பழைய பேட்ச் புது வெர்ஷனோட பக்கையும் சரிபண்ணுது!

வாசிக்கிறவர் பாடு

ஹார்ன்ல தப்பு ஸ்வரம் விழுறது ஏன் இவ்வளவு சகஜம்? ஹார்ன் தன் நீளத்துக்கு உச்சியிலேயே வாசிக்கிற வாத்தியம், அங்கே மடங்குகள் நெருக்கமா இருக்கும். ஒரே விரல் நிலையில, உதடு கொஞ்சம் இறுகினாலும் பக்கத்து ஸ்வரத்துல போய் விழும். ஊதறதுக்கு முன்னாடியே ஸ்வரத்தை மனசுக்குள்ள பாடிக்கணும்னு ஆசிரியர்கள் சொல்றது இதுக்குத்தான். புனல் மாதிரி இருக்கிற மவுத்பீஸ் பொதுவா மூணுல ரெண்டு பங்கு மேலுதட்டுலயும், ஒரு பங்கு கீழுதட்டுலயும் உட்காரும். அழுத்திப் பிடிச்சு ஊதினா உதடு சீக்கிரம் களைச்சிடும். பலம் வயித்துக் காத்துலருந்து வரணும்.

இந்த ஆபத்தைக் குறைக்கத்தான் 1890-களோட கடைசியில எர்ஃபர்ட் நகரத்து க்ருஸ்பே, இரட்டை ஹார்ன் செஞ்சார். எஃப் குழாயோட 2.75 மீட்டர் பி ஃப்ளாட் குழாயும் ஒரே உடம்புல. இடது கட்டைவிரலால மாத்திக்கலாம். எஃப் குழாயில 12-வது மடங்கா இருக்கிற ஸ்வரம் பி ஃப்ளாட்ல 9-வது மடங்கு, அதனால பக்கத்து ஸ்வரம் கொஞ்சம் தள்ளி நிக்கும். வியன்னா ஃபில்ஹார்மோனிக் மட்டும் இன்னும் பிடிவாதமா எஃப் ஹார்ன்தான் வாசிக்குது, அதுவும் ஊல்மன் வகை வால்வோட.

பழசு இன்னும் பல இடத்துல ஒட்டிக்கிட்டிருக்கு. நாலு ஹார்ன்ல 1-ம் 3-ம் மேல் ஸ்வரக்காரங்க, 2-ம் 4-ம் கீழ் ஸ்வரக்காரங்க. ரெண்டு ஸ்ருதியில ரெண்டு ஜோடின்னு க்ரூக் காலத்துல உட்கார்ந்த வரிசை அது. பழைய ஸ்கோர்ல டி ஹார்ன், இ ஹார்ன்னு எழுதியிருந்தா, வாசிக்கும்போதே மனசுல ஸ்ருதி மாத்திக்கணும். க்ரூக் பெட்டி இப்போ தலைக்குள்ள இருக்கு!

வாத்தியத்தைப் பார்த்துக்கிறது

ஊதுற மூச்சு குழாய்க்குள்ள குளிர்ந்து தண்ணியாகும். கச்சேரி நடுவுல ஹார்ன்காரங்க வாத்தியத்தைத் திருப்பித் திருப்பிக் கொட்டுறது அதைத்தான். எச்சில்னு முகம் சுளிக்காதீங்க, பெரும்பாலும் வெறும் ஆவிதான். சாப்பிட்டுட்டு, குறிப்பா இனிப்பு சாப்பிட்டுட்டு, வாய் கொப்பளிக்காம ஊதக்கூடாது.

வால்வு அச்சுக்கு எண்ணெய், ஸ்லைடுகளுக்கு க்ரீஸ், ரெண்டும் அடிக்கடி வேணும். ஸ்லைடை இழுக்கும்போது அந்த வால்வை அழுத்திக்கிட்டு இழுக்கணும், இல்லைன்னா உள்ளே வெற்றிடமாகி டப்புன்னு வெடிச்ச மாதிரி வரும். மவுத்பீஸ் இறுகிட்டா சுத்தியலும் குறடும் வேண்டாம், அதுக்குன்னே கழட்டுற கருவி இருக்கு. சில ஹார்ன்ல வால்வைச் சுழட்டறது ஒரு சின்ன நூல். அறுந்தா கச்சேரி அம்போ, அதனால கைவசம் மாத்து நூல் வச்சிருப்பாங்க. கை வேர்வை பித்தளையை அரிக்கும், அதனால பிடிக்கிற இடத்துல தோல் உறை சுத்திக்குவாங்க. பித்தளையிலிருந்து துத்தநாகம் கழண்டா சிவப்புப் புள்ளி தெரியும், தெரிஞ்சா உடனே பழுது பார்க்கிறவர்கிட்ட போகணும்.

திரும்பி வந்த காடு

1956 நவம்பர்ல லண்டன்ல நடந்த ஹாஃப்னுங் நகைச்சுவை இசை விழாவுல டென்னிஸ் ப்ரெய்ன்ங்கிற மேதை, தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுற ரப்பர் குழாயில லியோபோல்ட் மோட்ஸார்ட்டோட இசையை வாசிச்சுக் காட்டினார். குழாய்னா குழாய்தான்! அவருக்காக ப்ரிட்டன் 1943-ல எழுதின செரினேடோட முதல் பகுதியும் கடைசிப் பகுதியும் வால்வே தொடாம வாசிக்கணும். கேட்கிறவங்களுக்கு ஸ்ருதி விலகின மாதிரி இருக்கும். விலகலை, அது நம்ம 7-வது, 11-வது மடங்குகள். 1957 செப்டம்பர் 1, எடின்பர்க்லேருந்து காரை ஓட்டிக்கிட்டு வரும்போது விபத்துல ப்ரெய்ன் இறந்தார். வயசு 36. நசுங்கின அந்த ஹார்னைச் சரிபண்ணி லண்டன் ராயல் அகாடமி ஆஃப் ம்யூசிக்ல வச்சிருக்காங்க.

1982-ல லிகெட்டி, ப்ராம்ஸுக்கு மரியாதையா ஒரு ட்ரையோ எழுதினார். அப்புறம் அவரோட ஹாம்பர்க் கான்செர்ட்டோவுல ஆர்க்கெஸ்ட்ராவுக்குள்ள நாலு பேருக்கு வால்வு இல்லாத ஹார்னையே கொடுத்துட்டார். இன்னிக்கு ப்ராம்ஸ் ட்ரையோவை வால்வு ஹார்ன்லயும் கை ஹார்ன்லயும் வாசிச்ச பதிவுகள் ரெண்டுமே கிடைக்குது. ஹெட்போன் மாட்டிக்கிட்டு, மூணாவது பகுதியை மட்டும் ரெண்டுலயும் அடுத்தடுத்துக் கேளுங்க. ஹார்னைக் கவனிக்காதீங்க. ஹார்ன் மங்கலாகிற இடத்துல பியானோக்காரர் என்ன பண்றார்னு கவனிங்க.

டிஸ்கி: எந்தப் பதிவு ஒசத்தின்னு சண்டை போட நான் தயார். உங்க காதுல என்ன விழுந்ததுன்னு சொல்லிட்டுப் போங்க :-)